160 யூனிட்டும் ஒரு துண்டு சீட்டும்

நேத்து எங்க ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒரு துண்டு சீட்டை நீட்டி, தம்பி இந்தக் கரண்ட் கணக்கு சரியானு பாருன்னாங்க. காலண்டர் தாளோட பின்பக்கம், ஹவுஸ் ஓனர் எழுதுனது. பழைய ரீடிங், புது ரீடிங், ரெண்டு மாசத்துக்கு 160 யூனிட், யூனிட் 9 ரூபா, மொத்தம் 1440, கீழ மோட்டார் 100னு தனியா.

பெருக்கல் கரெக்டாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. ஏன்னா எங்க வீட்டுக்கு தனி ஈபி கார்டு, அதாவது மின்வாரியத்துல தனி கனெக்சன், 2016ல இருந்து முதல் 100 யூனிட் ஃப்ரீ, 2024 ஜூலைல ஏத்துன ரேட்லயும் 400 யூனிட் வரைக்கும் யூனிட் 4.80 தாண்டாது, அப்ப இதே 160 யூனிட்டுக்கு நான் கட்டுனா 300 ரூபா கூட வராது. ஏசி ஓட்டி 500 யூனிட் இழுத்தாலும் சராசரியா யூனிட்டுக்கு 4 ரூபா சுமார்தான். ரெண்டு ஃபேன், ஒரு டியூப்லைட், ஒரு டிவி வச்சிருக்கறவங்க 9 ரூபா கட்டணுமாம்.

ஓனர் சொல்ற நியாயமும் உண்டு, நாலு போர்ஷனும் ஒரே கார்டுல ஓடுது, 500 தாண்டுனா ஸ்லாப், அதாவது ரேட் படி, மாறி எனக்கும் ஏறுதும்பாங்க. சரி, ஆனா ஏறுறது பெரும்பாலும் மேல போற யூனிட்டுக்குத்தானே, மொத்தத்துக்கும் இல்லையே. அந்த 100 ஃப்ரீயும் யார் கணக்குல போகுதுன்னு கேளுங்க பாப்போம். நானும் சைதாப்பேட்டைல, ஓனரே சப் மீட்டர் வச்சு காசு வாங்குற வீட்டுல மூணு வருஷம் இருந்தவன்தான், ஒரு தடவை கூட வாயத் திறந்ததில்ல, திறந்தா அடுத்த மாசமே பையன் கல்யாணம் வருது வீட்டக் காலி பண்ணுப்பான்னு வரும்.

கரண்ட் மட்டுமா, மொத்தமா வாங்கக் காசு இல்லாததால அக்கா தினம் சாயங்காலம் அண்ணாச்சி கடைல 10 ரூபாய்க்கு எண்ணெய், 10 ரூபாய்க்கு பருப்புன்னுதான் வாங்குறாங்க, கிலோ கணக்குல பாத்தா நான் சூப்பர் மார்க்கெட்ல ஆஃபர்ல எடுக்கறத விட ஜாஸ்தி. ரேஷன்ல அரிசி சும்மா, பருப்பு கிலோ 30, பாமாயில் 25, அது மட்டும் இல்லன்னா இன்னும் மோசம்.

இதெல்லாம் நான் மூச்சு விடாம சொன்னா அக்கா கேட்டது வேற. "அது கெடக்கு தம்பி, தண்ணி லாரில வருது, கொடத்துல நான்தான் மாடிக்குத் தூக்குறேன், எதுக்கு மோட்டாருக்கு 100 ரூபா?"