காம்பு ஒடிந்த கதையும் சோதனைக்கு அலைந்த கதையும்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையே சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். நாட்டுக் கருவேலத்திலும் வாகையிலும் சம்மட்டிக் காம்பு, மண்வெட்டிக் காம்பு கடைவதுதான் பிழைப்பு. தை பிறந்த வாரத்தில் நீலகிரிக்குப் போன லோடிலிருந்து 340 காம்புகள் திரும்பி வந்து இறங்கின. கூடவே ஒரு வரி: "உங்கள் ஊர் மரம் எங்கள் பனியைத் தாங்கவில்லை. சோதனைச் சான்று இல்லாமல் இனி அனுப்ப வேண்டாம்."

ஒடிந்த காம்பை எங்கள் ஆசாரியிடம் காட்டினேன். முனையைத் தடவிப் பார்த்தவர், "தம்பி, நல்ல காம்பு ஒடிந்தால் நார் நாராகப் பிய்ந்து தொங்கும். இது முள்ளங்கி மாதிரி ஒடிந்திருக்கிறது. எதையோ அவித்துவிட்டாய்" என்றார். அன்றே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சம். ஆனால் ஆசாரியின் விரலுக்கு முத்திரை இல்லையே, எனக்குச் சான்று வேண்டியிருந்தது.

மரத்துக்கென்றே உள்ள நிறுவனம் பெங்களூரு மல்லேசுவரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு என்று பக்கத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தைப் பிடித்தேன். அந்தச் சிக்கனம் எனக்கு நான்கு நடையை இழுத்துவிட்டது.

முதல் நடை கடிதத்தோடு முடிந்தது. "பல வெப்பநிலைகளில் மோதல் வலிமை சோதிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். எந்தெந்த வெப்பநிலை, எத்தனை துண்டு, எந்தத் தர விதிப்படி என்று கேட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தார் எழுத்தர். கேள்வியில் தவறில்லை. அதைக் கேட்பதற்கு முன் என்னை இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. உங்களுக்கு இந்த வேலை வந்தால் கடிதத்திலேயே ஐ.எஸ். 1708 என்று எழுதிவிடுங்கள். குறையற்ற சிறு மரத்துண்டுகளைச் சோதிப்பதற்கான இந்திய விதி அதுதான். இரண்டாம் நடையில் முழுக் காம்புகளைச் சுமந்து போனேன். இயந்திரத்தில் செருகவே முடியாது என்றார்கள்.

மூன்றாம் நடையில்தான் வயிறு எரிந்தது. ஆய்வக உதவியாளர் இரும்பைச் சோதித்தே பழகியவர். இரும்பு என்றால் 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம், நடுவில் வி வடிவ வெட்டு. பனிக்கட்டித் தொட்டியில் முக்கி எடுத்து ஐந்து விநாடிக்குள் ஊசல் போல ஆடி வரும் சுத்தியலால் அடிக்க வேண்டும். என் மரத்தையும் அவர் அப்படியே அறுத்து, வெட்டுப் போட்டு, ஒரு கட்டையைப் பனிக்கட்டித் தண்ணீரிலும் இன்னொன்றைக் கொதிநீரிலும் மிதக்க விட்டிருந்தார். மூன்றாவது கட்டை 103 டிகிரி அடுப்பில் இரவெல்லாம் கிடந்திருக்கிறது. ஒன்று ஊறல், ஒன்று வேகல், ஒன்று வற்றல். வெப்பநிலை மாறியதால் வித்தியாசமா, ஈரம் மாறியதால் வித்தியாசமா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மரத்தின் வலிமை ஈரத்தோடு ஏறி இறங்குவது. இரும்புக்கு அந்தத் தொல்லை கிடையாது.

போதாக்குறைக்கு அது 300 ஜூல் ஊசல் (ஜூல் என்பது அடியின் ஆற்றலை அளக்கும் அலகு), முகப்பில் ஒரு கோட்டுக்கு 2 ஜூல். சுண்டுவிரல் பருமன் மரத்துண்டுக்கு முள் இரண்டு மூன்று கோடு நகர்ந்ததோடு சரி. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்த கதைதான். கட்டணத்தை மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நடை அந்த ரசீதில் பெயர்ப் பிழை திருத்துவதற்கு.

அதன் பிறகு விதியையே தேடிப் படித்தேன். ஒரு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் போட்டு, எந்த உயரத்தில் துண்டு ஒடிகிறது என்று பார்க்கும் முறையும் அதில் இருக்கிறது. இது பட்டறையிலேயே ஆகிற காரியம். இரண்டு கிலோ படிக்கல், அது வழுக்கி இறங்க ஒரு பி.வி.சி. குழாய், கீழே இரண்டு இரும்புத் தாங்கிகள். துண்டு 2 செ.மீ. சதுரம், 30 செ.மீ. நீளம். சான்றாகாது, ஆனால் உண்மை தெரியும்.

இதைச் செய்து பார்க்கிறவர்கள் நான்கு காரியத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒப்பிடும் துண்டுகளை ஒரே பலகையில் அடுத்தடுத்து அறுங்கள். ஒரே மரத்தின் உள்வைரமான சேகுக்கும் வெளிப்புற வெண்மரத்துக்குமே அவ்வளவு வித்தியாசம் வரும். கணு இருந்தால் தூக்கி எறியுங்கள். குளிர வைப்பதானாலும் சூடேற்றுவதானாலும் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டியே வையுங்கள், ஈரம் அப்படியே நிற்கும். மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், ஆகவே மையம் வரை குளிர ஒரு இரவு விடுங்கள். (ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில் இடம் கேட்டபோது அந்தத் தம்பி பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.)

காற்றில் காய்ந்த கருவேலம் பெட்டியில் உறைந்த பிறகும் உறையாத துண்டின் அளவுக்கே, ஏறக்குறைய மூன்றடி உயரம் வரை தாங்கியது. நீலகிரிப் பனிமேல் விழுந்த பழி அத்தோடு போயிற்று. குறிப்பிட்ட குளிரில் சட்டென்று நொறுங்கும் தன்மை சில எஃகு வகைகளுக்கு உண்டு, காய்ந்த மரத்துக்கு அப்படி ஒரு எல்லைக்கோடு இல்லை. பிறகு திரும்பி வந்த லோடிலிருந்து அறுத்த துண்டை வைத்தேன். ஒரு அடி உயரத்திலேயே பட்டென்று போனது. இன்னொன்று, அதுவும் போனது.

ஐப்பசி அடைமழையில் மரம் காயாமல் தெரிந்தவருடைய புழுங்கல் அரிசி ஆலையில் ஒரு அறை வாங்கினேன். மரம் துளைக்கும் வண்டு சாகட்டும் என்று பாய்லரிலிருந்து ஒரு நாள் நேரடி நீராவி, பிறகு மூன்று நாள் அனல் காற்று. வெப்பமானி முள் 120 டிகிரியைத் தாண்டி நின்றது. கதவைத் திறந்தபோது புளித்த காடி வாடை. அரிசி ஆலையில் புளித்த வாடை வராமல் வேறென்ன வரும் என்று விட்டுவிட்டேன். அது மரத்திலிருந்து வந்த வாடை. ஈரமும் சூடும் சேர்ந்தால் மரத்துக்குள்ளேயே அசிட்டிக் அமிலம் பிரிகிறது. தேக்கு, வாகை, கருவேலம் போன்ற வன்மர வகைகளில் இது பைன் வகைகளைவிட அதிகம். அந்த அமிலம் நார்களைப் பிணைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸை அரிக்கிறது. வளைவு விறைப்பு அவ்வளவாகக் குறையாது, முதலில் போவது அடி தாங்கும் குணம்தான். கையில் வளைத்துப் பார்த்தபோது காம்பு கல்லாக இருந்ததன் மர்மம் இதுதான். நிறம் கறுத்து எடையும் குறைந்திருந்ததைப் பார்த்து "அருமையாகக் காய்ந்துவிட்டது" என்று மார்தட்டியவனும் நான்தான்.

வண்டு சாக மையத்தில் 56 டிகிரி, 30 நிமிடம் போதும். ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கான உலக விதியே அவ்வளவுதான் கேட்கிறது.

வண்டுக்கான அந்த அரை மணி நேரத்தைத் தவிர, இப்போது மழைக்காலத்தில் உலர்த்தும்போது 50 டிகிரியைத் தாண்டுவதில்லை, நாள்தான் கூடுகிறது. நீலகிரிக்காரருக்கு படிக்கல் சோதனையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினேன். சான்று கேட்காமலே ஐம்பது காம்புக்கு முன்பணம் போட்டார். திரும்பி வந்த 340 காம்பையும் பாய்லருக்கு எரிக்கக் கொடுக்கலாம் என்று போனால், "எங்களுக்கு உமியே மிஞ்சிக் கிடக்கிறது" என்றார் ஆலைக்காரர். இப்போது என் மனைவியின் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்கு முட்டாக நிற்கின்றன.