மூன்றாம் சிலிண்டர்

மார்ச் 7, சனி

கார் எஞ்சினில் எரிபொருளைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுவதற்காகக் கழற்றினேன். மற்றவை மறுபேச்சில்லாமல் வந்துவிட்டன. மூன்றாம் சிலிண்டரில் இருப்பது மட்டும் எளிதாக இளகி, கால் சுற்று சுழன்று, ‘கிறீச்’ என்று நின்றது. அந்தச் சத்தம் கேட்டதும் திருகும் ராட்செட் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பிளக்கின் உடல் எஃகு; அது திருகி உட்காரும் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் உரிவது ஹெட்டின் மரைதான், அதாவது திருகுப் புரிதான். பிளக் போனால் வேறு வாங்கலாம்; மரை போனால் ஹெட்டைத் துளைத்து புது மரையுள்ள உள்ளுறை பொருத்த வேண்டியிருக்கும்.

வேடிக்கை பார்க்க வந்த மாமா, “யாரோ பேய் மாதிரி முறுக்கியிருக்கிறார்கள். பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி ஒரே இழுப்பாக இழுங்கள் மாப்பிள்ளை” என்றார்.

“வேண்டாம் மாமா, மரையோடு வந்துவிடும்.”

பிளக் இருக்கும் குழியில் கிடந்த மணலைக் காற்றடித்து வெளியேற்றிவிட்டு, மெல்லிய குழாய் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை விட்டேன். பிளக்கைச் சிறிது உள்ளே திருப்பினேன். ஆனால் முழுக்க இறுக்கவில்லை. இறுக்கினால் பிளக்கின் வாஷர், அதாவது அடியிலுள்ள உலோக வளையம், அடைத்துக்கொள்ளும், எண்ணெய் மரைக்குப் போய்ச் சேராது. இரவு ஊறட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

குழியில் எண்ணெய் மட்டம் இறங்கியிருந்தது. நல்ல சகுனம்.

மாமாவின் இன்றைய யோசனை, எஞ்சினை ஓட்டிச் சூடாக்குவது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும், பிடி தளரும். ஆனால் எரியக்கூடிய எண்ணெய் தேங்கி நிற்க, பிளக்கும் தளர்ந்திருக்க, எஞ்சினை ஓட்ட எனக்குத் துணிவில்லை. நல்ல சூட்டில் அலுமினிய மரை எளிதில் கிழியும் என்பது வேறு.

அரைக்கால் சுற்று வெளியே, அதே அளவு உள்ளே, கொஞ்சம் எண்ணெய். மறுபடியும் அதேதான். உள்ளே திருப்பும்போதுதான் மரையில் சிக்கிய கரி பொடிந்து வழிவிடுகிறது; வெளியே மட்டும் இழுத்தால் அது ஆப்பு மாதிரி இறுகும். கிறீச்சல் மெல்ல முனகலாகி, பிற்பகலில் அதுவும் அடங்கியது. கடைசிச் சுற்றுகளை விரலாலேயே கழற்றினேன்.

பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கீழ் மரைகளில் கெட்டிக் கரி. சரியாக இறுக்கினால் நசுங்க வேண்டிய வாஷர் நசுங்கவே இல்லை; புதிதுபோல் உப்பலாக, ஒரு பக்கம் புகைக் கறையோடு இருந்தது. ஆக, மாமா சொன்னதற்கு நேர் எதிர்: முன்பு மாட்டியவர் போதிய அளவு இறுக்கவில்லை. எரிந்த வாயு மரை வழியாகக் கசிந்து கசிந்து கரியாகப் படிந்திருக்கிறது. மாமா வாஷரை நகத்தால் அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

மரை துலக்கும் டேப் என்ற திருகு வடிவக் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, 14 மில்லிமீட்டர் துளைக்குள் கையாலேயே மெல்ல இறக்கினேன். கரித்தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு எரிபொருள் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களும் பிளக்குகளும் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் கருந்துளிகளாகப் பீறிட்டது. மாமா விலகி நின்றிருந்தது நல்லதாயிற்று.

புதுப் பிளக்கின் தலையில் ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி விரலால் திருகினேன். மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கிவிடும், சேதமில்லை. மரையில் கிரீஸ் தடவச் சொன்னார் மாமா. நிக்கல் பூசிய பிளக்குக்கு அது தேவையில்லை. வழுவழுப்பில், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட இறுக்கம் கூடிவிடும். உலர்வாகவே மாட்டி, கையேட்டில் உள்ளபடி 25 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன். வாஷர் நசுங்குவது கைக்குத் தெரிந்தது.

எஞ்சின் முதலில் சற்றுப் புகைந்தது, பிறகு சீராக ஓடியது. தன் காரின் பிளக்குகள் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கும் என்று மாமா கேட்டார். கழற்றி வாஷரைப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.