அடங்கலில் யார் பெயர்

கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவியே ஓர் அரசியல் முடிவில் பிறந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, கர்ணம், முன்சீப் என்று பரம்பரையாக வந்த கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. அந்த நாற்காலிக்குத் தேர்வு எழுதி வந்தவர்கள் நாங்கள். திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் அடங்கலில், கர்ணம் நினைத்தால் ஒருவர் பெயர் ஏறும், நினைத்தால் இறங்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிலம் வைத்திருந்தவர்களுக்கு உறவோ நெருக்கமோ ஆனவர் கையில் கணக்கு இருந்த காலம் அது. அந்தப் பேனாவை வாங்கித் தேர்வு எழுதி வந்தவர் கையில் கொடுத்தது மிகப் பெரிய காரியம். ஆனால் பேனா கை மாறிய அளவுக்கு, அது எழுதுகிற பெயர் மாறவில்லை.

ஊரில் நிர்வாகம் நன்றாக நடக்கிறதா என்று பேசும்போது, அதிகாரி நல்லவரா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதுவும் முக்கியம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, முடிவெடுக்கும் அதிகாரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. வயலில் நின்று வேலை பார்த்தவனுக்கு இது தினமும் தெரியும்.

பயிர்ச் சேதக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் டெல்டாவில் யாரும் எதிர்பார்க்காத மழை. பொங்கல் நேரம், சம்பா அறுவடைக்கு நின்றது. நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளை விட்டிருந்தது. வேளாண் துறை உதவி அலுவலரும் நானும் வரப்பில் நடக்கிறோம். சாய்ந்த இடத்தில் கையை விட்டு ஒரு கொத்தைத் தூக்கினால் அடிப்பக்கக் கதிரெல்லாம் வெள்ளை முளையோடு வரும், மேல்பக்கம் பார்வைக்கு நல்ல நெல் மாதிரி இருக்கும். வரப்பு மேட்டில் நிற்பது அப்படியே நிற்கும். இதில் சேதம் 33 சதவீதமா, 30 சதவீதமா? அந்த மூன்று சதவீதத்தில்தான் ஒரு குடும்பத்துக்குப் பணம் வருவதும் வராமல் போவதும் இருக்கிறது. பக்கத்திலேயே விவசாயி நிற்கிறார். "சார், நல்லா உள்ள கைய விட்டுப் பாருங்க சார்" என்கிறார்.

அந்த 33 என்ற எண் எங்கிருந்து வந்தது? மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசின் பணம். அதனால் எவ்வளவு அழிந்தால் நிவாரணம் என்ற விதியும் டெல்லியில்தான் எழுதப்படுகிறது. 2015 வரை அது 50 சதவீதமாக இருந்தது. அந்த வருஷம் வட மாநிலங்களில் பருவம் தப்பிய மழையில் கோதுமை அழிந்தது. நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பேச்சு எழுந்தது, 33 ஆகக் குறைத்தார்கள். அதே வருஷக் கடைசியில் இங்கே வெள்ளம் வந்தபோது அந்த மாற்றம் எங்களுக்கும் உதவியது. கோதுமைக்காரர்களின் குரலில் கிடைத்தது நெல்லுக்கும் பயன்பட்டது, நல்லதுதான். ஆனால் முளைத்த நெல்லுக்கு என்ன அளவுகோல் என்று கேட்க எங்களுக்கு எந்த அவையும் இல்லை. அதே சமயம், தொகையைக் கூட்டிக் கொடுக்க மாநிலத்தால் முடிந்தது. அந்த 2021 மழையின்போது ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்த நெல் நிவாரணத்தை 20,000 ஆக உயர்த்தியது சென்னையில் எடுத்த முடிவு.

பயிர்க் காப்பீடு வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருவது சில இடர்களுக்கு மட்டும்தான். முக்கியமான மகசூல் இழப்புக் கணக்கு வருவாய் கிராமத்தின் சராசரியில் நடக்கிறது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வயல்களில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டு, அதைக் கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். மேட்டு வயலும் பள்ள வயலும் ஒரே வருவாய் கிராமத்தில் இருந்தால், பள்ளத்தில் முழுக்கப் போனவர் மேட்டுக்காரரின் விளைச்சலோடு சேர்த்து எண்ணப்படுவார். நிவாரணத்துக்கு ஒரு கணக்கு, காப்பீட்டுக்கு வேறு கணக்கு. இதை ஒவ்வொருவருக்கும் விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வற்றிவிடும். "பக்கத்து ஊருக்கு வந்திருக்கு, எங்களுக்கு மட்டும் ஏன் சார் வரல?" என்று கேட்பவரிடம், இரண்டு ஊருக்கும் நடுவே ஓடுவது ஒரு வாய்க்கால் இல்லை, ஒரு காகித எல்லை என்று எப்படிச் சொல்வது?

எல்லாவற்றையும்விட என்னை வருத்திய விஷயம் குத்தகை. டெல்டாவில் உழுபவர் ஒருவர், சிட்டாவில், அதாவது நில உரிமைக் கணக்கில், இருப்பவர் இன்னொருவர் என்பது சர்வசாதாரணம். கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்களின் நிலம். நான் பார்த்த ஊர் ஒன்றில் ஓர் அண்ணன் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், வாய்மொழிக் குத்தகையில் வெகு காலமாகப் பயிர் வைத்திருந்தார். 2021 மழையில் அவருடைய பயிரும் போனது. நிவாரணப் பணம் நிலக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது, சிட்டா அவர் பெயரில் இருப்பதால். நான் சென்னைக்குப் போன் பண்ணினேன். தன் கணக்கில் பணம் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர், பணத்தை அண்ணனுக்கு அனுப்பியும் வைத்தார். அடுத்த தடவை இந்த அலைச்சல் வேண்டாமே, குத்தகையைப் பதிவு செய்துவிடலாமே என்று சொன்னேன். "பணம் கொடுக்கறேன் சார். பேப்பர்ல மட்டும் எதுவும் வேண்டாம்" என்றார்.

குத்தகையைப் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அந்தப் பயத்தின் வேர் நீளமானது. தஞ்சைப் பண்ணைகளில் விவசாயத் தொழிலாளர்களும் குத்தகைதாரர்களும் போராடியதன் பலனாக, 1952இல் ராஜாஜி அரசு தஞ்சாவூருக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1955இல் மாநிலம் முழுவதுக்கும் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம். இவை வராமல் போயிருந்தால் எத்தனை குடும்பங்கள் வரப்பைவிட்டுத் துரத்தப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் பெயரைப் பதிய வேண்டியவர் குத்தகைதாரர். அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், விசாரணைக்கு வர வேண்டும், நிலக்காரர் எதிர்த்தால் நின்று பேச வேண்டும். அடுத்த போகத்துக்கு அதே நிலம் வேண்டும் என்று இருப்பவர் எப்படித் துணிவார்? பதிவு உத்தரவு இல்லாமல் நானாக அவர் பெயரை ஏற்றவும் முடியாது. அந்த 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்பு, கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. ஊரே கொண்டாடியது. அண்ணனுக்கு அதிலும் ஒன்றும் இல்லை. ஆவணம் இல்லாதவருக்குச் சங்கத்தில் கடன் கிடையாது, அவர் வாங்கியது வெளியில், வட்டிக்கு.

சரி, இதில் ஊராட்சி எங்கே வருகிறது என்று கேட்கலாம். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் தென்னை, கூரை, மின்கம்பம் எல்லாம் போயிற்று. அப்போது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், வழக்கும் இழுத்தடிப்புமாக நின்று போயிருந்தது. தனி அலுவலர் என்று ஒன்றிய அதிகாரி ஒருவர் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்த்தார். பாவம், அவர் எந்த ஊருக்கு முதலில் போவார்? ஜெனரேட்டர் பிடித்து டேங்கில் தண்ணீர் ஏற்ற வேண்டும், ரோட்டில் விழுந்த மரத்தை வெட்ட வேண்டும், கூரை போன வீடுகளின் பட்டியல் வேண்டும். எல்லாத்துக்கும் ஜனங்கள் என்னிடம் வந்தார்கள். எனக்கோ டீசலுக்குப் பணம் எடுக்கும் அதிகாரம்கூடக் கிடையாது. கோபத்தில் சாலை மறியல் நடந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

2019 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் ஊரகத் தேர்தல் நடந்தது. அடுத்த நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை, அதைத் தொடர்ந்து புரெவியின் பெருமழை. அதே சரகம், அதே நான், எனக்கு உதவியாளராக இருந்த அதே தலையாரி. ஆனால் இப்போது ஊராட்சித் தலைவர் இருந்தார், முதல் தடவை பதவிக்கு வந்த ஒரு பெண். புயலுக்கு முந்தைய நாளே குடிசைக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்து சமையலைத் தொடங்கிவிட்டார். வார்டு உறுப்பினர்கள் தெருத்தெருவாக என் பட்டியலைப் பார்த்தார்கள். "இந்தக் கடைசி வீடு விட்டுப்போச்சு சார், அந்தம்மா மக வீட்டுக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்று தலைவரே திருத்தினார். அடுத்த தேர்தலில் அந்த வீட்டு ஓட்டும் அவருக்கு வேண்டும் என்பதும் அதில் ஒரு காரணம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். கேள்வி கேட்கப்படுவோம் என்ற பொறுப்பு அப்படித்தான் வருகிறது.

2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி இடைவெளி விடுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புயலுக்கு அந்த இடைவெளி தெரியாது.

எனக்கு ஓர் ஆசை. 2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலும் கிராம சபை கூடுகிறது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அந்த இரண்டு வாரத்தில்தான் அடங்கலுக்கும் விதைப்புச் சான்றுக்கும் எங்கள் அலுவலக வாசலில் கூட்டம் அலைமோதும். நவம்பர் 1 சபையில் சர்வே எண் வாரியாக யார் பயிர் வைத்திருக்கிறார் என்பதை வாசித்து, சபை ஒப்புக்கொண்ட சாகுபடியாளர் பெயரை அந்தப் பருவத்து நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் செல்லும்படி ஆக்க வேண்டும். நில உரிமைக்கு அது ஆதாரம் ஆகாது என்று அரசாணையிலேயே எழுதிவிட்டால் நிலக்காரரின் பயமும் குறையும். யார் எந்த வயலில் நாற்று விட்டார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், தலையாரியைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். சட்டமன்றமும் அரசும் மனது வைத்தால் ஒரு பருவத்துக்குள் செய்யக்கூடிய வேலை. பணியில் இருந்தபோது மேலே எழுதி அனுப்பினேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன், எங்கள் தொகுதிக்கு யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்கப் போகிறேன்.