பள்ளத்தூரில் பிறந்த மெட்ராஸ்காரர்

காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் இந்த முறை பள்ளத்தூருக்கென்றே போனேன். எஸ். முத்தையா பிறந்த ஊர் அது. சென்னையின் வரலாற்றைப் பேராசிரியர்களின் அலமாரியிலிருந்து இறக்கி, காலையில் பேப்பர் படிக்கிறவர்களிடம் கொடுத்தவர். பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால் நின்று பார்க்க நான் பழகியதே அவரைப் படித்துத்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால் நேர்நேரான தெருக்கள். ஒரு தெருவில் வாசல் வைத்த வீடு அடுத்த தெருவில்தான் முடிகிறது. பல வீடுகளில் பூட்டு தொங்குகிறது. திறந்திருந்த ஒரு வீட்டின் திண்ணையில் ஆச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரைத் தேடுறீக தம்பி?"

பெயரைச் சொன்னேன்.

"முத்தையான்னா ஊருக்குள்ள எத்தனையோ பேரு. விலாசம் என்ன?"

"மெட்ராஸைப் பத்திப் பேப்பர்ல எழுதுனவர் ஆச்சி. முன்னாடி கொழும்புல இருந்தார்."

"கொழும்பா? எங்க அப்பச்சியும் அங்கனதான் கொண்டுவிக்க, யாவாரம் பண்ணப் போனாக. உள்ள வந்து பாருங்க."

வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, தேக்குத் தூண்கள். முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவரில் கை வைத்தேன்; உச்சி வெயிலிலும் சில்லென்று, கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைக்கு மேலே மட்டும் ஒரு விரிசல், அதில் அரசங்கன்று. அதை யார் ஏறிப் பிடுங்குவது என்பதுதான் ஆச்சியின் கவலை. பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில்.

முத்தையா பிறந்தது 1930 ஏப்ரல் 13. அமெரிக்காவில் படித்துவிட்டு 1951-இல் கொழும்பில் 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில் சேர்ந்தார். 1968-இல் மெட்ராஸ் வந்து, வரைபடங்கள் அச்சிடும் டிடி மேப்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அப்போது அவருக்கு 38 வயது. வெளியிலிருந்து வந்த கண் என்பதால்தான், உள்ளூர்க்காரர்கள் தினமும் கடந்துபோன கட்டடங்கள் அவருக்குத் தட்டுப்பட்டன என்று நினைக்கிறேன். 1981-இல் 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' வந்தது. பதிப்புக்குப் பதிப்பு தடித்துக்கொண்டே போன புத்தகம் அது. 1991-இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழைத் தொடங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1999 முதல் 'தி இந்து'வில் அவர் எழுதிய பத்தி. ஒரு தெருவைப் பற்றியோ மறந்துபோன ஒரு மனிதரைப் பற்றியோ எழுதுவார். வாசகர்களிடமிருந்து கடிதம் வரும்: என் தாத்தா அங்கே வேலை பார்த்தார், நீங்கள் சொன்ன வருடம் சரியில்லை என்று. அதையெல்லாம் பிறகு அதே பத்தியில் எடுத்துப் போட்டுப் பதில் சொல்வார். வாசகனையும் வரலாறு எழுத உட்கார வைத்தது, ஆய்வாளர்கள் பலர் செய்யாத காரியம். அப்புறம் 2004-இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் தினம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மெட்ராஸ் நிலம் எழுதிக்கொடுக்கப்பட்ட நாளாகச் சொல்லப்படும் 1639 ஆகஸ்ட் 22-ஐ நினைவில் வைத்து, இன்று ஊரே பழைய இடங்களைப் பார்க்க மரபு நடை போகிறது. 2019 ஏப்ரல் 20-இல் அவர் காலமானார்.

சொந்த மண்ணையும் அவர் விட்டுவிடவில்லை. 2000-இல் வேறு சிலரோடு சேர்ந்து செட்டியார்களின் மரபு பற்றி ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். அது எவ்வளவு அவசியம் என்பது, மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனபோது உறைத்தது. இடித்த வீடுகளின் தூண்கள், கதவுகள், பீங்கான் ஜாடிகள், குடும்பப் படங்கள்கூட விலைக்கு அடுக்கியிருக்கிறார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை; அத்தனை பெரிய வீட்டைக் கட்டிக் காப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் எந்தத் தூண் எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டால் கடையில் சொல்ல ஆள் இல்லை. மெட்ராஸுக்கு ஒரு தினம் இருப்பதுபோல் இந்த ஊர்களுக்கும் ஒன்று வேண்டும். அன்றைக்காவது வெளியூர்ப் பிள்ளைகள் வந்து வீட்டைத் திறந்து, யார் கட்டியது, எந்த வருடம் என்று எழுதி வைக்கட்டும். முதல் வருடம் பள்ளத்தூரில் தொடங்கினால் நான் கட்டாயம் வருவேன்.