மழை எத்தனை மணிக்கு விட்டது?

கடை வாசலில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. மாலை 4.20 மணி. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டதும் எதிர்த்தரப்பு சொன்ன பதில்: "அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. வருகிறவர் காலோடு ஈரமும் வந்துகொண்டே இருந்தால் எவ்வளவுதான் துடைப்பது?" ஆதாரமாக அன்றைய மொத்த மழையளவைக் கொடுத்தார்கள். 14 மி.மீ.

மழை எப்போதோ விட்டுவிட்டது என்பது என் நினைவு. ஆனால் மருத்துவமனைக் குறிப்பில் "மழையில் வழுக்கி விழுந்தார்" என்று இருந்தது. வலியில் நானே சொன்னதுதான்.

செல்பேசிச் செயலியில் அன்றைய வானிலைப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். வக்கீல் அதைக் கையில்கூட வாங்கவில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் கணினிக் கணிப்பு, யாரும் அளந்தது அல்ல என்றார். அளந்த பதிவு வேண்டும், அதுவும் சான்றிட்ட நகலாக வேண்டும். சரி என்று விமான நிலைய வானிலைப் பதிவுகளுக்கு விண்ணப்பித்தோம்.

நகல் வந்த அன்று எனக்குத் தூக்கம் போயிற்று. 1600, 1630 என்ற இரண்டு வரியிலும் 'ஆர்ஏ' என்று இருந்தது. அப்படியென்றால் மழை. லேசான மழை என்றால் முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கும். இங்கே அதுவும் இல்லை. வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, வக்கீல் அமர்த்திய வானிலை நிபுணர் நேரத்தின் வாலில் இருந்த 'இசட்' எழுத்தைத் தொட்டுக் காட்டினார். அது உலகப் பொது நேரமாம். நம் கடிகாரத்துக்கு மாற்றினால் நான் பார்த்தது இரவு மழை! அந்த 14 மி.மீ.யில் பெரும்பகுதி, நான் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தபோது பெய்தது.

அதோடு விடுவார்களா? விமான நிலையம் 9 கி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே விட்ட மழை இங்கேயும் விட்டதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கடைக்கு 2 கி.மீ. தூரத்தில் ஒரு தானியங்கி மழைமானி இருந்தது. அதற்குள் ஒரு சின்ன வாளி, 0.2 மி.மீ. சேர்ந்தால் கவிழும், கவிழ்ந்த நேரம் பதிவாகும். அது கடைசியாகக் கவிழ்ந்தது மதியம் 1.35-க்கு, அடுத்தது இரவு 8.50-க்கு. சில நிமிடங்களுக்கு ஒன்றாக எடுத்த ரேடார் படங்களிலும் மழைமேகம் அதே மதிய நேரத்தில் கடையைத் தாண்டிப் போயிருந்தது.

குறுக்கு விசாரணையில் நிபுணர் ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்: வாளி கவிழாத அளவுக்குத் தூறல் விழுந்திருக்கலாம். எனக்குப் பகீரென்றது. ஆனால் அவர் மழுப்பாமல் பேசியதால்தான் மற்றதெல்லாம் எடுபட்டது என்று வக்கீல் பிறகு சொன்னார்.

வானம் காய்ந்திருந்தது சரி, தரையில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதை எந்த வானிலைப் பதிவும் சொல்லாது. சிசிடிவிதான் சொன்னது. உள்ளே வருகிற யார் கையிலும் குடை இல்லை. வாசல் தகரத்தின் மடிப்பில் தேங்கிய தண்ணீர் மட்டும் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது, இரண்டே முக்கால் மணி நேரமாக.

தீர்ப்புக்கு முன்பே எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. ஆனாலும் அந்த மருத்துவமனை வரியைக் காட்டி ஒரு பங்கைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள்.