2.0 என்று எண்ணிடுவதற்கு முன்

பெங்களூரில் இருக்கும் நாங்கள் மூவர் பராமரித்துவரும், தமிழ் உரைகளைக் கையாள்வதற்கான சிறிய பைதான் லைப்ரரியின் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) அடுத்த வெளியீட்டு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. நிரல் எழுதும் வேலை எப்போதோ முடிந்தது. அதைவிட அதிக நேரம் பிடித்தது, இந்த வெளியீட்டை 1.9.1 என்பதா, 2.0 என்பதா என்ற கேள்விதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் சச்சரவாகத் தோன்றக்கூடும். ஆனால் பதிப்புகளுக்கு எண்ணிடப் பரவலாகப் பின்பற்றப்படும் ‘செம்வெர்’ முறைப்படி, மூன்று எண்களில் கடைசி எண் பிழைதிருத்தத்தையும், நடு எண் பழையதைக் கெடுக்காத புதிய வசதியையும், முதல் எண் பிறர் எழுதிய நிரலை உடைக்கக்கூடிய மாற்றத்தையும் குறிக்கும். முதல் எண் மாறாதவரை, பலருடைய கணினிகளில் புதிய பதிப்பு யாரையும் கேட்காமலேயே வந்து அமர்ந்துவிடும். ஆகவே எந்த எண்ணை இடுகிறோம் என்பது, யாருடைய வேலைக்குள் எச்சரிக்கை இல்லாமல் நுழைகிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது.

எங்கள் சிக்கல் ‘ஸ்ரீ’ என்ற ஓர் எழுத்தில் இருந்தது. கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ஸகரத்தோடு புள்ளியும் ரீயும் சேர்ந்தது ஒன்று. ‘ஶ’ என்ற எழுத்தோடு புள்ளியும் ரீயும் சேர்ந்தது மற்றொன்று. இந்த ‘ஶ’ 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில்தான் தமிழுக்குச் சேர்க்கப்பட்டது என்பதால், அதற்கு முன்பு உருவான கோப்புகளில் முதல் வடிவமே இருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள், அதாவது வெவ்வேறு குறியீட்டு வரிசைகள். ‘கொ’வை ஒற்றைக் குறியீடான ஒகரக் குறியாலும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம், அந்த வேறுபாட்டை என்எஃப்சி என்னும் சீராக்கம் தானாகவே ஒன்றாக்கிவிடும். ‘ஸ்ரீ’க்கு அந்த வசதி இல்லை. லைப்ரரிதான் பொறுப்பேற்க வேண்டும்.

பெங்களூரில் இந்தச் சிக்கல் கூடுதலாகத் தலைகாட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. யூனிகோடில் இந்திய எழுத்துகளின் அட்டவணைகள் இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியாக்கத் தரத்தைப் பின்பற்றி இணையாக அமைக்கப்பட்டவை. ஆகவே கன்னடப் பெயரைத் தமிழுக்கு இயந்திரத்தனமாக எழுத்துப்பெயர்க்கும் நிரல், கன்னடத்தின் ‘ಶ’வுக்கு நேரான இடத்தில் இருக்கும் ‘ஶ’வைத்தான் எடுத்துக்கொள்ளும். அதே பெயரைத் தமிழர் ஒருவர் விசைப்பலகையில் தட்டினால் பெரும்பாலும் ‘ஸ’ வரும். கன்னடப் பட்டியலிலிருந்து மாற்றப்பட்ட ஸ்ரீதரும் கையால் தட்டச்சு செய்யப்பட்ட ஸ்ரீதரும் ஒரே தரவுத்தளத்தில் இரண்டு ஆட்களாக உட்கார்ந்திருப்பார்கள். தேடினால் ஒருவர் கிடைப்பார், மற்றவர் கிடைக்க மாட்டார்.

புதிய பதிப்பில் இரண்டு வடிவங்களையும் ‘ஸ’ வடிவமாகவே ஒன்றாக்குகிறோம். இது பிழைதிருத்தமே, 1.9.1 போதும் என்று எங்களில் ஒருவர் கடைசிவரை வாதிட்டார். அல்சூரில் தமிழ்ச் சங்கத்துக்கு அருகில் காபி குடித்தபடியே, “தப்பா இருந்ததைச் சரி பண்றதுக்கு எதுக்குங்க முதல் எண்ணை மாத்தணும்?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் லைப்ரரியின் விடையை வெறுமனே திரையில் காட்டுவோர் மட்டும் இல்லை. சீராக்கிய பெயரையே தரவுத்தளத்தில் திறவுகோலாக (பதிவைத் தேடி எடுக்கும் அடையாளமாக) சேமித்து வைத்திருப்போரும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் ‘ஶ்ரீ’ வடிவத் திறவுகோல்கள், மேம்படுத்திய மறுநாள் எதோடும் பொருந்தாமல் போகும். அதிலும் பிழைச்செய்தி எதுவும் வராது; தேடல் முடிவு வெறுமையாக வரும், அவ்வளவுதான். திருத்தம் என்ற பெயரில் பயனர்களைப் பெரிதும் பாதிக்கும் மாற்றத்துக்கு முதல் எண்ணையே உயர்த்துவது நல்லது என்று செம்வெர் ஆவணமே தன் கேள்வி-பதில் பகுதியில் கூறுகிறது. 2.0 என்றே முடிவாயிற்று.

அந்த முடிவுக்குப் பின் மற்றவை விரைவாக நடந்தன. 2025 அக்டோபரோடு ஆதரவுக் காலம் முடிந்த பைதான் 3.9ஐக் கைவிட்டோம், தேவையான பைதான் பதிப்பைத் தொகுப்பின் விவரக்கோப்பில் குறித்துவிட்டால், பழைய பைதான் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்துகிற கடைசிப் பதிப்பையே, தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்பதால் இதில் யாருக்கும் பெரிய இழப்பில்லை. உரிமக் கோப்பு, பங்களித்தோர் பட்டியல் ஆகியவற்றையும் சரிபார்த்தோம்.

இனிவரும் பதிப்புகளில் நீக்கப்போகும் செயற்கூறுகளுக்கான (ஃபங்ஷன்கள்) எச்சரிக்கையில் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. பைதானின் வழக்கமான ‘டெப்ரிகேஷன் வார்னிங்’, நேரடியாக இயக்கப்படும் நிரலிலிருந்து அழைத்தால் தெரியும். வேறொரு தொகுப்புக்குள்ளிருந்து அழைத்தால் இயல்பாக மறைந்தே இருக்கும். யாரும் பார்க்காத எச்சரிக்கையை எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போதும் திரையில் தெரியும் ‘ஃபியூச்சர் வார்னிங்’கையே பயன்படுத்தியிருக்கிறோம்.

மாற்றக் குறிப்பையும் திருத்தி எழுதினோம். “சீராக்கம் மேம்படுத்தப்பட்டது” என்பது முதல் வரைவில் இருந்த வரி. படிப்பவர் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இப்போது இருப்பது இது: “ஶ்ரீ, ஸ்ரீ ஆகிய இரண்டும் இனி ஒரே சரமாகத் திரும்பும். சீராக்கிய பெயர்களைச் சேமித்து வைத்திருந்தால், மேம்படுத்திய பிறகு அவற்றை ஒருமுறை மீண்டும் சீராக்கவும்.”

தொகுப்பை எங்கள் மடிக்கணினிகளில் உருவாக்கிப் பதிவேற்றும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளில் ஒரு பின்வாசல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. அந்த விவகாரத்தில், 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளின் சுருக்கக்கோப்புகளில், மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு கட்டமைப்புக் கோப்பு புகுத்தப்பட்டிருந்தது. களஞ்சியத்தை மட்டும் படித்தவர்கள் அதைப் பார்த்திருக்கவே முடியாது. இனி களஞ்சியத்தில் டேக் (பதிப்புக் குறி) இட்டவுடன் அதிலிருந்து தொகுப்பை கிட்ஹப்பின் தானியங்கியே உருவாக்கி, பைதான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைப்பிஐ 2023 முதல் தரும் ‘டிரஸ்டட் பப்ளிஷிங்’ வழியாக ஏற்றிவிடும். எவர் கையிலும் நிரந்தரக் கடவுச்சொல் இருக்காது.

பைப்பிஐயில் ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை, அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது, 2.0 ஒரே ஒருமுறைதான் 2.0. அதனால்தான் முதலில் முன்னோட்டப் பதிப்பை ஏற்றியிருக்கிறோம். சாதாரணமாக நிறுவினால் பிப் அதை எடுக்காது. ‘ப்ரீ’ தெரிவைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பெயர்ப் பட்டியல்களோடு இந்த லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள், தரவின் நகல் ஒன்றின் மீது இதை ஓட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எதையும் திருத்தாமல், எந்தெந்தப் பதிவுகள் மாறும் என்று மட்டும் பட்டியலிடும் ஒத்திகை வசதி அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘ஸ்ரீ’ இல்லாத பெயர் ஏதாவது தென்பட்டால், அந்த ஒரு வரியை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்.