"சரி மாப்ள"

நேற்று ராத்திரி அத்தானுக்கு போன் போட்டு, "ஜங்ஷன்ல நிக்கேன், வண்டியெடுத்துட்டு வாங்க" என்றேன். பக்கத்தில் பஸ் ஹாரன். அவர் காதில் விழுந்தது "வாங்க" மட்டும்தான். "சரி மாப்ள" என்று வைத்துவிட்டார். போய் நின்றது வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில். முக்கால் மணி நேரம், என் கையில் அல்வா ஆறி, நெய் உறைந்து, பொட்டலத் தாள் பிசுபிசுத்துப் போச்சு.

எனக்கு டெனரீஃப் ஞாபகம் வந்தது; அந்த ஸ்பெயின் தீவின் விமான நிலையத்தில் ரெண்டு விமானங்கள் மோதிக்கொண்ட விபத்து. 1977 மார்ச் 27. ஓடுபாதையில் மூடுபனி. கிளம்புகிறோம் என்று கே.எல்.எம். கம்பெனி விமானி சொன்னதும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த முதல் வார்த்தை "ஓகே". அப்புறம் "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்று அவர்கள் சொன்னதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான்" என்று இன்னொரு விமானமான பான் ஆம் சொன்னதும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் மோதி, கீச்சொலியில் அமுங்கிவிட்டன. 583 உயிர்கள்.

'டேக் ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்கவும் ரத்து செய்யவும் மட்டுமே சொல்ல வேண்டும், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் கெடுபிடி வந்தது அதற்கப்புறம்தான். ஆனால் ரெண்டு பேர் சேர்ந்து பேசினால் அமுங்குகிற சங்கதி வானொலியில் இன்னும் தீரவில்லை. வாகைக்குளத்தில் விமானம் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் உறுத்தும்.

இன்று காலை மறுபடி அத்தானுக்குப் போன். "சாயங்காலம் ஆறு மணி, சமாதானபுரம்."

"சரி மாப்ள."

"திருப்பிச் சொல்லுங்க அத்தான்."

"ஏல, ஏத்தமா?"